நியோபியம் குறைவு

மணலி சாலை, சரக்குப்பெட்டக நிலையம்,
பிற்பகல் இரண்டேகால்.
முப்பத்தெட்டுக் குப்பிகள்.
சாம்பலில் பச்சை கலந்த பொடி.
சுங்க அதிகாரி தயாபரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.
மோப்பநாய் ஒருமுறை முகர்ந்துவிட்டு
பக்கத்துக் கருவாட்டுப் பெட்டிக்குப் போய்விட்டது.

"இன்னாமா பவுடரு இது?" என்றான் லோடுமேன் எத்திராஜ்.
"எரிமலை" என்றாள் நிலோஃபர்.

படிவம் நிரப்புவது என் வேலை.
பொருள்: கல்தூள்.
எடை: ஒன்று புள்ளி ஒன்பது கிலோ.
வணிக மதிப்பு: ஏதுமில்லை.
உற்பத்தியான நாடு? இந்தியா என்று தட்டினேன்.
"இது உறைந்தப்ப இந்தியா இல்லை,
மூச்சுவிடக் காற்றும் இல்லை" என்றவள்,
"பரவாயில்ல, இருக்கட்டும்."

தயாரித்த தேதிக்கு
நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டம்.
இருநூற்று எழுபது கோடி வருஷத்தை
எந்தக் கட்டமும் வாங்கவில்லை.
இன்றைய தேதியைப் போட்டேன்.

மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார்.
டீ வாங்கி வந்தேன். அவள் சொன்னாள்:
சித்திரதுர்க்கா பக்கம், கடலைக்காட்டு ஓரத்தில்
தலையணை தலையணையாய்க் கிடக்கிறது பாறை.
கடலுக்கடியில் கக்கிய குழம்பு
தண்ணீர் பட்டதும் தோல் கட்டும்,
உள்ளே கொதிப்பது தோலைப் பிய்த்து வரும்,
அது அடுத்த தலையணை.
இப்போது ஆடுகள் ஏறி நிற்கின்றன.

இடித்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து
எண்ணிப் பார்த்தால்
லாந்தனம் இருக்கிறது, தோரியம் இருக்கிறது.
(தோரியம் என்றதும் தயாபரன் திரும்பினார்.
"பத்து லட்சத்துல ஒரு பங்கு, சார்.")
நியோபியம் மட்டும்
இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை.

எங்கே போச்சு?

ஈரம் குடித்த பழைய கடல்தரை
இன்னொரு தரைக்குக் கீழே புதைந்து இறங்கும்.
ஆழத்தில் சூடேறி நீரைக் கக்கும்.
நீரோடு போகத் தெரிந்தவை மேலே போகும்,
குழம்பில் கலந்து எரிமலையாய் வெளியே வரும்.
நியோபியம் பிடிவாதக்காரி.
இறங்கிய பாறையிலேயே தங்கிவிடும்.
அது குறைந்த கல்லைக் கையில் எடுத்தால்
ஒரு தரை கீழே போயிருக்கிறது என்று அர்த்தம்.
அப்படித்தான் கண்டம் வளர்ந்தது, ஒன்று மூழ்கி ஒன்று முளைத்து.

"ஒத்துக்காதவங்களும் இருக்காங்க" என்றாள்.
"அந்தக் காலத்துப் பூமி வேற சூடு,
வேற குணம்னு சண்டை. அதுக்குத்தான் இந்தக் குப்பி
கடல் தாண்டிப் போகுது."

டீ ஆறிவிட்டிருந்தது.
வெளியே ஒரு டிப்பர் லாரி,
கடற்சுவருக்குக் கருங்கல் ஏற்றிக்கொண்டு
எண்ணூர்ப் பக்கம் திரும்பியது.
பேச்சை நிறுத்தி அதையே பார்த்தாள்,
தெரிந்தவர்கள் யாரோ போகிறமாதிரி.

நாலரைக்கு முத்திரை விழுந்தது.
பொறுப்பேற்பவர் கையெழுத்து, முகவரி.
ரேஷன் அட்டையைப் பார்த்து எழுதினேன்:
பதினேழு, இரண்டாவது தெரு.

"உங்க குப்பம் வந்திருக்கேனே" என்றார் தயாபரன்,
"தெருவெல்லாம் நாலாவதுலேர்ந்துதான ஆரம்பிக்கும்?"
"ஆமா சார்."
"அப்ப இரண்டாவது?"

கையைக் கிழக்கே நீட்டி,
கொஞ்சம் தாழ்த்திக் காட்டினேன்.
கோவில் கொடிமரம், பொதுக்குழாய், பதினேழாம் எண்,
அம்மா மாவாட்டிய கல்லுரல்.
பிடிவாதக்காரர்கள் கீழேயே தங்கிவிட்டார்கள்.
நீரோடு வரத் தெரிந்தவர்கள் நாங்கள்
ஆறாவது தெருவில் வாடகைக்கு.

நிலோஃபர் எதுவும் சொல்லவில்லை.
மீதமிருந்த குப்பியொன்றின் மூடியை
இறுக்கமாய்த் திருகினாள். ஏற்கனவே
இறுக்கமாகத்தான் இருந்தது.

"அட்டைய மாத்திடு தம்பி" என்றார் தயாபரன்,
கருவாட்டுப் பெட்டியை இழுத்தபடி.
மாற்றவேண்டும்.
அடுத்த மாதம் மாற்றவேண்டும்.